பெர்சி ஸ்லெட்ஜ் எழுதிக் கொடுத்த பாட்டு

அமெரிக்கப் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் தவறாமல் சொல்லும் செய்திகள் இரண்டு. அவருடைய முதல் இசைத்தட்டான ‘வென் எ மேன் லவ்ஸ் எ உமன்’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது என்பது ஒன்று. அந்தப் பாட்டு தன்னிடமிருந்து பிறந்திருந்தும், ஆசிரியர் என்ற பெயரைத் தன் குழுவில் வாசித்த நண்பர்கள் இருவருக்கு அவர் விட்டுக்கொடுத்தார் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது சொல்பவரின் குரல் இளகிவிடும். எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். அந்தப் பாராட்டு எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் மூத்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை மடக்கினார். “அவராகத்தானே கொடுத்தார்? யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லையே. கொடுத்த மனிதரே நிம்மதியாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உங்களுக்கு எங்கே வலிக்கிறது?” என்றார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதை இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அலபாமா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றங்கரையில், ஒன்றையொன்று ஒட்டி நான்கு சிற்றூர்கள் இருக்கின்றன: ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸில் ஷோல்ஸ். அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் லெய்ட்டனில் பிறந்தவர் ஸ்லெட்ஜ். சிறு வயதில் பருத்திக் காட்டில் வேலை. வளர்ந்த பிறகு ஷெஃபீல்டில் உள்ள கோல்பர்ட் கவுன்டி மருத்துவமனையில் வார்டு உதவியாளர். வார இறுதிகளில் எஸ்க்வயர்ஸ் காம்போ என்ற குழுவில் பாட்டு. மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் பாடுவார் என்கிறார்கள். அங்கே படுத்திருந்து குணமாகிப் போன ஒருவர்தான் அவரைக் குவின் ஐவியிடம் அழைத்துப் போனார். ஐவி உள்ளூர் வானொலி அறிவிப்பாளர். ஷெஃபீல்டில் ட்யூன் டவுன் என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். அருகிலேயே நோரலா என்ற பெயரில் சின்ன ஸ்டூடியோ ஒன்றையும் அமைத்திருந்தார். பக்கத்து ஊரில் ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஸ்டூடியோவோடு ஒப்பிட்டால் மிக எளிய இடம். 1966-இன் தொடக்கத்தில் அங்கேதான் ‘வென் எ மேன் லவ்ஸ் எ உமன்’ பதிவானது.

அந்த அறைக்குள் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களைப் பாலத்தின் மேல் வைத்து அடித்து நொறுக்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதே மாநிலத்தில், ஆர்கன் வாசித்த ஸ்பூனர் ஓல்டம், டிரம்ஸ் வாசித்த ராஜர் ஹாக்கின்ஸ், கிட்டார் வாசித்த மார்லின் கிரீன், பேஸ் கிட்டார் வாசித்த ஜூனியர் லோ எல்லாரும் வெள்ளையின இளைஞர்கள். பாடியவர் கறுப்பினத்தவர். ஸ்டூடியோவுக்குள் நுழைவது அவருக்கு அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் தொழில்முறைப் பாடகர் என்ற பெயரோ, நகரத்து நிறுவனமோ, மேலாளரோ இல்லை.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை மெதுவாகக் கேளுங்கள். மொத்தமே மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஃபார்ஃபிசா என்ற மின்னணு ஆர்கன், தேவாலயத்தில் எழும் ஓசையை நினைவூட்டியபடி தொடங்குகிறது. கீழே பேஸ் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது. மேலே குரல் முதல் சொல்லிலேயே உச்சத்தில் ஏறி நின்றுவிடுகிறது. சாதாரணமாக ஒரு பாடகர் தாழத் தொடங்கி, ஏறிப்போய், கடைசியில் உச்சத்தைத் தொடுவார். ஸ்லெட்ஜ் வந்து நிற்பதே அங்கேதான். இறங்க வழியில்லாத இடத்தில் ஒரு மனிதன் நின்று கூவுவதாகவே எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்கிறது. ஹாக்கின்ஸ் டிரம்ஸை அடக்கி வாசிக்கிறார். குரலுக்கு இடைஞ்சலாக எதுவும் இல்லை. முடிவை நெருங்கும்போது டிரம்பெட்டும் சாக்ஸபோனும் உள்ளே நுழைகின்றன. நுழைந்ததும் காது சுளிக்கும். சுருதி சேரவில்லை.

அந்தச் சுருதிப் பிசகு பற்றி ஒரு கதை உண்டு. ரிக் ஹால் மூலமாகப் பதிவு நியூயார்க்கில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லரிடம் போனது. வெக்ஸ்லர் பாட்டை எடுத்துக்கொண்டார். ஆனால் ஊதுகருவிகளைத் திருத்தி மறுபடி பதிவு செய்யச் சொன்னார். ஷெஃபீல்டில் மறுபடி வாசித்து, பதிவு செய்து, நாடாவை அனுப்பினார்கள். வெளியானபோது பார்த்தால், அட்லாண்டிக் பழைய நாடாவையே தட்டில் ஏற்றியிருந்ததாம். மஸில் ஷோல்ஸ்காரர்கள் இதை ரசித்துச் சொல்வார்கள். எனக்கும் இது பிடித்த கதைதான். ஆனால் இதைச் சொல்லும் பலர், குறையோடு இருந்ததால்தான் பாட்டு ஜெயித்தது என்று முடிப்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஊதுகருவிகள் வருவதற்கு முன்பே அந்தக் குரல் கேட்பவரைப் பிடித்துவிடுகிறது. கடைசியில் சுருதி சேர்ந்திருந்தாலும் அந்தப் பிடி தளர்ந்திருக்காது.

வரவேற்பு என்றால் அப்படி ஒரு வரவேற்பு. 1966 மே 28 அன்று அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடம். தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் குழுவின் பாட்டை இறக்கிவிட்டு ஏறியது. இரண்டு வாரம் கழித்து ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து இதை இறக்கினார்கள். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம். பிரிட்டனில் நான்காம் இடம். பத்து லட்சம் தட்டுகள் விற்றதற்கான தங்கச் சான்றிதழைப் பெற்ற முதல் அட்லாண்டிக் இசைத்தட்டு இதுதான். ரே சார்ல்ஸைப் பாட வைத்த நிறுவனம் அது என்பதை நினைத்தால் இதன் எடை புரியும். இன்னொரு விளைவும் உண்டு. வெக்ஸ்லரின் பார்வை மஸில் ஷோல்ஸ் பக்கம் திரும்பியது. அதே ஆண்டில் பாடகர் வில்சன் பிக்கெட்டை அங்கே கூட்டிவந்தார். 1967 ஜனவரியில் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினைக் கூட்டிவந்தார். ஸ்லெட்ஜுக்கு வாசித்த ஓல்டமும் ஹாக்கின்ஸும் அரீதாவுக்கும் வாசித்தார்கள். ஒரு வார்டு உதவியாளரின் முதல் இசைத்தட்டு ஓர் ஊருக்கே வாசலைத் திறந்துவிட்டது.

தட்டின் மேல் இரண்டு பெயர்கள்

அந்தத் தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் பாட்டின் பெயருக்குக் கீழே கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். லூயிஸ் எஸ்க்வயர்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர். ரைட் ஆர்கன் வாசித்தவர். ஸ்லெட்ஜின் பெயர் பாடகர் என்ற இடத்தில் மட்டும்.

பாட்டு எப்படிப் பிறந்தது என்பதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அடிப்படை இதுதான்: காதலி விட்டுப் போயிருந்தாள்; ஸ்லெட்ஜ் மனம் உடைந்து கிடந்தார்; ஒரு நாள் குழுவோடு மேடையில் இருந்தபோது, லூயிஸிடமும் ரைட்டிடமும் மெதுவாக ஏதாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, மனதில் வந்ததைப் பாடினார். பருத்திக் காட்டில் சிறுவனாக முணுமுணுத்த ராகம் அது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவுக்கு வந்த பிறகு சொற்கள் மாற்றப்பட்டன என்றும் சொல்கிறார்கள். எப்படியானாலும் ராகம் அவருடையது, வலி அவருடையது, பாடிய தொண்டை அவருடையது. தாளில் எழுதும் நேரம் வந்தபோது, அந்த இருவரும் வாசிக்காமல் இந்தப் பாட்டு வந்திருக்காது என்று சொல்லி, முழு உரிமையையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

நான் மறுபடி மறுபடி வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அவர் கொடுத்தபோது அது வெற்றிப் பாட்டு இல்லை. ஷெஃபீல்டில் இருந்து அதற்கு முன் அப்படி ஒரு பாட்டு நாடு முழுக்கப் போனதில்லை. அவர் கையில் இருந்தது மருத்துவமனைச் சம்பளமும், வார இறுதியில் கிடைக்கும் சில்லறைக் காசும். கூட வாசிக்கும் நண்பர்களோடு இருப்பதைப் பகிர்ந்துகொள்வது அந்த வாழ்க்கையில் இயல்பான காரியம். மழையே காணாத மேட்டு நிலத்தைப் பங்காளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரும் மனிதனுக்கு, அடியில் என்ன கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? பெருந்தன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்த கொடை அது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எவ்வளவு என்பதைக் கணக்காகவே சொல்லலாம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டின் உரிமைக்காரருக்கு 2 சென்ட் தர வேண்டும். 1909-இல் நிர்ணயித்த தொகை அது. 1978 வரை மாறவில்லை. பத்து லட்சம் தட்டு என்றால் 20,000 டாலர். வழக்கப்படி அதில் பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்துக்கு, பாதி எழுதியவர்களுக்கு. அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அது பெரிய பணம். ஆனால் உண்மையான புதையல் தட்டு விற்பனையில் இல்லை, வானொலியில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பு நிறுவனத்துக்கும் பணம் போகும். பாடியவருக்கு ஒரு காசும் போகாது. சாதாரண வானொலி நிலையங்களைப் பொறுத்தவரை இன்றும் நிலைமை அதுதான். உலகத்தின் மற்றப் பெரிய நாடுகள் பலவற்றில் பாடகருக்கும் பங்கு உண்டு. 1966-இல் இசைப்பதிவு என்ற பொருளுக்கே அங்கே கூட்டாட்சிக் காப்புரிமை கிடையாது. அது வந்தது 1972-இல். ஆகவே ஸ்லெட்ஜ் அந்தத் தாளில் விட்டுக்கொடுத்தது மரியாதைக்கு இருக்கும் ஒரு பெயரை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கல்யாண வீடுகளில், கார்களில், நள்ளிரவு நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் அந்தக் குரல் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் காசு விழும் ஒரே வாசலை அவர் விட்டுக்கொடுத்திருந்தார்.

1987: பக்கத்துப் பக்கத்தில் இருவர்

என் மனதில் இந்த விஷயத்தைத் திருப்பிப்போட்டது பிரிட்டன் பட்டியல் ஒன்று. 1987-இன் தொடக்கத்தில் லீவைஸ் நிறுவனம் தன் ஜீன்ஸ் விளம்பரங்களுக்குப் கறுப்பினப் பாடகர்களின் பழைய சோல் பாட்டுகளை எடுத்துப் பயன்படுத்தியது. அவற்றில் ஒன்று பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’. இன்னொன்று ஸ்லெட்ஜின் பாட்டு. இரண்டும் மறுபடி தட்டாக வெளியாகி, பிரிட்டனில் ஒன்றாம் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் பிடித்தன. இரண்டுமே அட்லாண்டிக் குடும்பத்துப் பதிவுகள். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர், இருவரும் தென்மாநிலங்களில் பிறந்தவர்கள், இருவரும் பழைய புகழின் நிழலில் ஊர் ஊராகப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரே வாரத்தில் ஒரே நாட்டில் இருவர் குரலையும் மக்கள் ஓடி ஓடி வாங்கினார்கள்.

ஆனால் ‘ஸ்டாண்ட் பை மீ’ எழுதியவர்களில் பென் ஈ. கிங் ஒருவர். 1960-இல் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற அனுபவசாலிகளோடு சேர்ந்து அதை முடித்தபோது, தாளில் அவர் பெயரும் ஏறியிருந்தது. அந்த ஒரு கையெழுத்து அவரை வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றியது. ஜான் லெனன் அந்தப் பாட்டைப் பாடியபோதும், அதே பெயரில் 1986-இல் ஹாலிவுட் படம் வந்தபோதும், விளம்பரம் வந்தபோதும் அவருக்குப் பங்கு இருந்தது. ஸ்லெட்ஜுக்கு அந்தப் பங்கு இல்லை. தன் பதிவு விற்றால் பாடகருக்கான ராயல்டி உண்டு. பாட்டுக்கு உண்டான பங்கு வேறு வீடுகளுக்குப் போனது.

இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு, என் நண்பரின் கேள்விக்கு என் உள்ளே ஒரு பதில் உருவாகத் தொடங்கியது. இருவருக்கும் இடையே திறமையிலோ உழைப்பிலோ நல்ல மனசிலோ பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு தாளில் ஒரு பெயர் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். அந்த வேறுபாட்டை ஸ்லெட்ஜின் குணத்துக்குக் கிடைத்த அழகு என்று நாம் கொண்டாடினால், வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும் பாடுபவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று வைத்திருக்கும் ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

நான்கு ஆண்டுகளில் அடுத்தது வந்தது. 1991-இல் மைக்கேல் போல்டன் அதே பாட்டைப் பாடி மறுபடியும் அமெரிக்க முதலிடத்துக்குக் கொண்டுபோனார். கிராமி விருதும் வாங்கினார். போல்டன் செய்ததில் சட்டப்படி எந்தத் தப்பும் கிடையாது. ஏற்கெனவே வெளியான பாட்டை யாரும் நிர்ணயித்த தொகை கட்டிப் பாடலாம். ஆனால் அந்தப் பதிவைக் கேளுங்கள்: குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே உடைய வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும் என்று ஷெஃபீல்டில் ஸ்லெட்ஜ் போட்டுவைத்த பாதையிலேதான் அது நடக்கிறது. அந்தப் பாதைக்குச் சட்டத்தில் விலை இல்லை. அந்த வெற்றியில் ஸ்லெட்ஜுக்கு எழுத்துரிமையாக வந்தது ஒன்றுமில்லை.

பாதியில் நிறுத்தப்படும் பேச்சு

ஸ்லெட்ஜ் கசப்பில்லாத மனிதர் என்பது உண்மை. பேட்டிகளில் இதைப் பற்றிக் கேட்டபோது, கொடுத்துவிடும்படி கடவுள் தன் வாயில் சொல் வைத்தார், அதனால் வருத்தமில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். எழுதுபவர்கள் எல்லாரும் இதை எடுத்துப் போடுகிறார்கள். என் நண்பர் சொன்ன நிம்மதியும் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதே பேச்சில் அவர் சொன்ன மற்ற இரண்டு விஷயங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தான் எடுத்த முடிவுகளிலேயே மோசமானது அதுதான் என்றார். மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் அப்படிச் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். காரணம் என்ன தெரியுமா? பிள்ளைகள்.

ஒரு தகப்பன் பேசும் பேச்சு அது. தன் பங்கை இழந்ததை அவரால் கடவுள் கணக்கில் எழுதிவிட முடிந்தது. பிள்ளைகள் பங்கை எழுத முடியவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 1966-இல் வெளியான பாட்டுக்கு 95 ஆண்டுகள் காப்புரிமை. அதாவது 2061 முடியும் வரை அந்தப் பாட்டு யாருக்கோ சம்பாதித்துக்கொண்டே இருக்கும். ஸ்லெட்ஜின் பேரப்பிள்ளைகள் முதியவர்களாகும் காலம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சாந்தத்தைப் பாராட்டிவிட்டு இந்தப் பாதியைக் கேட்காமல் போவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

லூயிஸையும் ரைட்டையும் திருடர்கள்போல் பேசுபவர்களும் உண்டு. அந்தப் பேச்சும் எனக்கு ஆகாது. அவர்களும் அதே ஊரில், அதே நிறத்தோடு, அதே சில்லறைக் காசுக்கு வாசித்தவர்கள். குரலைத் தாங்கி நிற்கும் அந்த நடை அவர்கள் விரல்களில் இருந்து வந்திருந்தால், அது பாட்டில் சிறு பங்கு அல்ல. ஸ்லெட்ஜ் அவர்களுக்குத் தர நினைத்தது நியாயமான நினைப்பு. மூன்று பெயர் போட்டிருக்கலாம். மூன்று பெயர் போடுங்கள் என்று எடுத்துச்சொல்ல, விவரம் தெரிந்த ஒரு மனிதர் அவர் பக்கத்தில் இல்லாமல் போனார். முதல் இசைத்தட்டு போடுபவர்கள் யாருக்குத்தான் அப்படி ஒருவர் கிடைக்கிறார்? முதல் வாய்ப்பு எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட வைக்கும். அந்தக் கையெழுத்துதான் கடைசி வரை நிற்கும்.

பிறகு வந்த ‘டேக் டைம் டு நோ ஹர்’ 1968-இல் பதினோராம் இடம் வரை போனது; ‘வார்ம் அண்ட் டெண்டர் லவ்’ முதல் இருபதுக்குள் நின்றது. ஆனால் மேடையில் மக்கள் கேட்டது முதல் பாட்டைத்தான். ஸ்லெட்ஜ் அதைத்தான் பாடிக்கொண்டே இருந்தார், வயதான பிறகும். அன்று பாடினால் அன்றைக்குச் சம்பளம். 1989-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளை அவரைக் கௌரவித்தது. 2005-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2015 ஏப்ரல் 14 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் இறந்தார். அதே மாதம் 30 அன்று பென் ஈ. கிங்கும் போய்ச் சேர்ந்தார். 1972-க்கு முந்திய பதிவுகளை ஒலிபரப்பும் செயற்கைக்கோள் வானொலிகளும் இணைய வானொலிகளும் பாடகருக்குப் பணம் தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது 2018-இல். மூன்று ஆண்டு தாமதம். சாதாரண வானொலிக்கும் அதே கடமையை விதிக்கும் மசோதா அமெரிக்கக் காங்கிரசில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டும் இன்னும் நிறைவேறவில்லை. ஒலிபரப்பு நிறுவனங்கள் கடுமையாக எதிர்க்கின்றன, தாங்கள் தரும் விளம்பரமே பாடகருக்குப் போதும் என்கின்றன.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தன் சேகரிப்பில் இருந்து அந்த அட்லாண்டிக் தட்டை எடுத்துவந்து, நடுத்தாளைப் படித்துப் பார்த்தார். “கொடுத்தது அவர்தானே” என்றார் மறுபடியும். கொடுத்தது அவர்தான், வானொலியில் ஒலித்தால் பாடியவருக்கு ஒன்றும் கிடைக்காத நாட்டில் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.